சனி பின்னேர மார்க்ஸ் வகுப்பு, எட்டுக் கிழமை இருந்து பாத்த கதை

முதல்லயே சொல்லிப்போடுறன், இது ஓசியில போய்ப்போட்டு எழுதுற ரிவியூ இல்லை, நாலாயிரம் ரூபா கட்டி எட்டுக் கிழமைக்குப் பேர் குடுத்தனான், அதில ஒரு சனி காய்ச்சலில விட்டுப்போச்சு, அந்தக் காசைக் கழிக்கேல்லை, நான் கேக்கவும் இல்லை.

இடம் நல்லூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள இருக்கிற பழைய ரியூட்டரி, அதின்ர மேல்மாடி, தகரக்கூரை. நாலு மணி எண்டு நோட்டீசில கிடக்கும் ஆனா சேர் வர நாலரையாகும், அதுமட்டும் கூரைச் சூட்டில அவிஞ்சுகொண்டு இருக்கலாம். கீழ ஓ.எல் பெடியளுக்கு விஞ்ஞானம் மைக் போட்டு நடக்கும், அதால இஞ்ச ரோசா லக்சம்பேர்க்கைப் பற்றிக் கதை போய்க்கொண்டு இருக்கேக்க கீழ இருந்து "ஒளித்தொகுப்பு" எண்டு ஒரு சத்தம் வரும், ரெண்டு கிழமையில பழகிப்போச்சு. கதிரையள் எல்லாம் பலகை வைச்ச ரியூசன் கதிரை, என்ர சைசுக்கு ஒருக்கா இருந்தா எழும்புறது கஷ்டம். ஆறு மணிக்கு மேல நுளம்பு, அதை நான் சொல்லவே தேவையில்லை.

வகுப்புக்குப் பேர் எண்டு ஒண்டும் இல்லை. "இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய சோசலிசம், பொருளாதாரமும் அரசியலும்" எண்டு ஒரு ஏ4 பேப்பர் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். படிப்பிக்கிறவர் றிட்டயரான பொருளியல் வாத்தியார், தன்ர பேர் போடவேண்டாம் எண்டு சொன்னபடியா சேர் எண்டே எழுதுறன்.

நான் ஏன் போனனான் எண்டா அதுக்குக் காரணம் எங்கட பெரியப்பா. அவர் பழைய சீனச்சார்புக் கட்சிக்காரர், 1964இல கட்சி ரெண்டா உடைய சண்முகதாசன் பக்கம் நிண்டவர், 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தில பொலிசிட்ட அடி வாங்கினவர். அவற்ற வாயில வாற ஆகப் பெரிய கெட்ட வார்த்தை "திரிபுவாதி", அதாவது மார்க்சின்ர கொள்கையைத் திரிச்சுப்போட்ட ஆள். மொஸ்கோச் சார்பு ஆக்கள் திரிபுவாதி, சமசமாஜக்காரர் திரிபுவாதி, ஒருக்கா பாலுக்குத் தண்ணி கலந்து கொண்டுவந்த ஆளையும் கேற்றடியில வைச்சுத் திரிபுவாதி எண்டு பேசினவர். சின்னனில இருந்து இந்தச் சொல்லைக் கேட்டு வளந்த எனக்கு உலகத்தில முதல் முதல் ஆரை இப்படிப் பேசினவை, அந்தாள் அப்படி என்னதான் செய்தவன் எண்டு தெரியாது. நோட்டீசில மூண்டாம் கிழமைக்கு நேர "பேர்ண்ஸ்டைனும் திரிபுவாதமும்" எண்டு கிடந்ததைக் கண்டுதான் காசைக் கட்டினனான்.

முதல் வகுப்பைப் பற்றி எழுதாம விடேலாது, ஏனெண்டா அதில பாதிப்பேர் ஓடியிருக்க வேணும், ஆனா ஓடேல்லை. மார்க்சின்ர மூலதனம் எண்ட புத்தகத்தின்ர முதலாம் பாகத்துக்கும் மூண்டாம் பாகத்துக்கும் இடையில இருக்கிற சிக்கல். மூண்டாம் பாகத்தை மார்க்சின்ர கூட்டாளி எங்கெல்ஸ் 1894இல வெளியிட்டவர், அடுத்த வருசம் செத்துப்போனார். சேர் போர்ட்டில ரெண்டு தொழில் கீறினார், ஒண்டு சுருட்டுக் கொட்டில், மற்றது ஐஸ் பக்டறி. ரெண்டிலயும் போட்ட முதல் நூறு ரூபா. சுருட்டில 20 ரூபா புகையிலைக்கும் மற்றச் சாமானுக்கும், 80 கூலிக்கு. ஐசில 80 மெசினுக்கும் கரண்டுக்கும், 20 கூலிக்கு. பெறுமதி உழைப்பில இருந்துதான் வருது, கூலிக்கு மேல வாற உபரியும் கூலியளவுக்கு வருது எண்டு வைச்சா சுருட்டுக்காரன் 180க்கு விக்கோணும், ஐஸ்காரன் 120க்கு. அப்ப 80 ரூபா லாபம் வாற தொழிலை விட்டிட்டு ஆர் ஐஸ் பக்டறி போடுவான்? எல்லாரும் சுருட்டுக்கு ஓடுவினம், சுருட்டு மலிஞ்சு விலை விழும், ஐஸ் ஏறும், கடைசியில ரெண்டும் 150இல வந்து நிக்கும். மொத்தத்தைப் பாத்தா 300 அப்பிடியே இருக்குது, மொத்த லாபம் 100 அப்பிடியே இருக்குது, ஆனா தனித்தனி விலை பெறுமதியில இருந்து விலகிப்போச்சு, இதுதான் மார்க்ஸ் சொன்னது. சுருட்டுக் கொட்டிலில பிழிஞ்ச உழைப்பில ஒரு பங்கு ஐஸ் முதலாளியின்ர பொக்கற்றுக்குள்ள போகுது எண்டு சேர் சொல்ல, பின்னால இருந்த ஒரு ஐயா "என்ர அப்பர் சுருட்டுச் சுத்தினவர்" எண்டு மெல்லமாச் சொன்னார்.

பிறகு உடனே அடுத்த அடி. 1896இல பம்-பவேர்க் எண்ட ஒஸ்ரியாக்காரர், அப்ப முதலாம் பாகம் ஒண்டு சொல்லுது மூண்டாம் பாகம் வேற சொல்லுது, இது கோட்பாடோ அலட்டலோ எண்டு கேட்டு எழுதினவர். 1904இல ஹில்பேர்டிங் எண்ட மார்க்சியக்காரர் மறுப்பு எழுதினவர், 1907இல போர்ட்கிவிச் எண்டவர், நீங்கள் சுருட்டின்ர விலையை மாத்தினீங்கள் ஆனா புகையிலையின்ர விலையை மாத்தேல்லையே, அதுவும் ஒருத்தன் விக்கிற சாமான்தானே எண்டு கேட்டு கணக்கையே திருப்பிப் போட்டவர். இதில சேரின்ர நல்ல குணம் என்னெண்டா ஒரு பக்கத்துக்குச் சாஞ்சு முடிக்கேல்லை, அவரே மார்க்சியக்காரர்தான், எண்டாலும் "இந்த ஓட்டை இண்டைக்கும் கிடக்குது, அடைச்சிட்டம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், கப்பலே தாண்டுபோச்சு எண்டு சொல்லுறவையும் இருக்கினம், நீங்கள் கணக்கைச் செய்து பாருங்கோ" எண்டு விட்டிட்டார். நான் வீட்டை வந்து இரவு பன்ரண்டு மணிமட்டும் செய்து பாத்தன், மனுசி பேசினா.

1905இல அந்த பம்-பவேர்க் வியன்னாவில நடத்தின வகுப்பில ஆர் ஆர் இருந்தவை எண்டு சேர் ஒரு லிஸ்ட் போட்டார். ஹில்பேர்டிங், ஒட்டோ பவர் எண்ட மார்க்சியப் பெடியள் ஒரு பக்கம், மார்க்சை ஏற்காத மீசஸ், ஷும்பீற்றர் மற்றப் பக்கம். படிப்பிக்கிறவர் அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் அரசாங்கத்தின்ர நிதி அமைச்சர். எல்லாரும் ஒரே மேசையில இருந்து வாதாடினவை. இஞ்ச நாங்கள் ஒரு கட்சிக்காரன்ர கலியாண வீட்டுக்குப் போனாலே மற்றக் கட்சிக்காரன் ஒரு மாசம் கதைக்கமாட்டான்.

சரி பேர்ண்ஸ்டைன், ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். இந்த ரெண்டு கிழமைக்கு மட்டுமே நாலாயிரம் குடுக்கலாம். நான் நினைச்சு வைச்சிருந்தது ஆரோ காசுக்கு விலைபோன ஆள் எண்டு. பாத்தா மனுசன் பிஸ்மார்க்கின்ர சோசலிஸ்ட் தடைச் சட்டத்தால நாட்டை விட்டுப் போய், சூரிச்சில இருந்து பேப்பர் நடத்தி, அங்கயும் இருக்க விடாம லண்டனுக்குப் போய், எங்கெல்சுக்கு அவ்வளவு நெருக்கமா இருந்து, எங்கெல்ஸ் சாகேக்க தன்ர எழுத்துகளைப் பொறுப்புக் குடுத்திட்டுப் போன ஆக்களில ஒருத்தர். 1901 மட்டும் ஜேர்மனிக்குத் திரும்பேலாது, பிடிவிறாந்து. இப்பிடி இருந்தவர்தான் 1896இல இருந்து கட்டுரை எழுதத் தொடங்கி 1899இல புத்தகமாப் போட்டவர். என்ன சொன்னவர் எண்டா, மார்க்ஸ் சொன்னபடி சின்ன முதலாளியள் அழிஞ்சுபோகேல்லை, நடுத்தர வர்க்கம் கரையேல்லை, சொத்துள்ள ஆக்கள் கூடிக்கொண்டு போகினம், கடன் வசதியும் கம்பனிக் கூட்டுகளும் நெருக்கடியைத் தணிக்குது, அதால ஒரு நாளில எல்லாம் இடிஞ்சு விழும் எண்டு காத்துக்கொண்டிருக்காம சட்டத்தாலயும் தொழிற்சங்கத்தாலயும் கூட்டுறவாலயும் படிப்படியாப் போவம் எண்டு. பிரஷ்யாவின்ர வருமான வரிக் கணக்கை எடுத்துப் போட்டவர், இங்கிலாந்தில தையல் நூல் செய்யிற ஒரு கம்பனிக் கூட்டில மட்டும் 12,300 பங்குக்காரர் எண்டு எண்ணிக் காட்டினவர்.

உண்மையாச் சொல்லுறன் எனக்கு அந்த இடத்தில ஆளைப் பிடிச்சுப்போச்சு. எல்லாரும் வசனம் கதைக்கேக்க ஒருத்தன் கணக்குக் கொப்பியோட வந்து நிக்கிறான்.

அடுத்த கிழமை ரோசா வந்து அந்தக் கொப்பியைக் கிழிச்சா. அந்த நேரம் அவவுக்கு முப்பது வயசும் இல்லை, 1897இல சூரிச்சில டொக்டர் பட்டம் எடுத்திட்டு பேர்லினுக்கு வந்த போலந்துப் பெட்டை, கட்சியின்ர மூத்த ஆளோட மோதுறா. பங்கு வைச்சிருக்கிறவன் எல்லாம் முதலாளி ஆகிறதில்லை, சின்னக் காசுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பெரிய முதலாளி ஆகுது எண்டு அந்த 12,300ஐத் திருப்பிக் குடுத்தா. கடனைப் பற்றிச் சொன்னதுதான் எங்கட வகுப்பையே ரெண்டாப் பிரிச்சது. கடன் நெருக்கடியைத் தணிக்காது, இழுத்து இழுத்துப் பெருப்பிச்சு ஒரேயடியா விழுத்தும் எண்டுறா. இதைச் சேர் சொல்லி முடிக்கேல்லை, முன் வரிசையில இருந்த அக்கா ஒராள், வன்னியில கொஞ்சக் காலம் மாதர் சங்கங்களோட வேலை செய்தவா, எழும்பி நிண்டு, கிழமைக்கடன் எடுத்த பொம்பிளையள் முதல் கடனைக் கட்ட ரெண்டாவது கடன், ரெண்டாவதுக்கு மூண்டாவது, கடைசியில காதில கிடந்ததும் ஈட்டுக்குப் போன கதையைச் சொன்னா. அப்ப கம்பஸ் தம்பி ஒருத்தர், அது சரி அக்கா, ஆனா கடன் இல்லாம எங்கட ஆக்கள் எத்தினை பேர் கடை போட்டவை, ஓட்டோ எடுத்தவை, அது பேர்ண்ஸ்டைன்ர கணக்குத்தானே எண்டார். நான் வங்கியில கடன் பகுதியில வேலை, ரெண்டு பக்கத்து பைலும் என்ர மேசையிலதான் கிடக்குது, நான் வாயே திறக்கேல்லை.

கூட்டுறவு பற்றின சண்டை இன்னும் நல்லம். உற்பத்திக் கூட்டுறவு முதலாளித்துவச் சந்தைக்குள்ள தனிய நிக்க ஏலாது எண்டு ரோசா எழுதியிருக்கிறா, வேலைசெய்யிறவன் தனக்குத்தானே முதலாளியா இருந்து தன்னையே பிழியோணும், ஒண்டில் அது கம்பனி ஆகிடும் இல்லாட்டி உடைஞ்சிடும், தப்பிறது எண்டா வாங்கிற ஆக்களின்ர கூட்டுறவு பக்கத்தில நிண்டு சந்தையை உறுதிப்படுத்த வேணும் எண்டு. சுருட்டு ஐயாவுக்குப் பக்கத்தில இருந்த ஒருத்தர் சீவல்தொழில் செய்த குடும்பம், அவர் சொன்னார் எழுபதுகளில வந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கம் எங்களுக்கு என்ன செய்தது எண்டா கள்ளை எங்க விக்கிறது எண்ட கவலையை இல்லாமச் செய்தது, தவறணை சங்கத்தின்ர தவறணை, அதுக்கு முதல் றெண்டர் எடுத்த முதலாளிக்குக் கீழதான் நாங்கள், அப்ப அந்தம்மா சொன்னது சரிதான், சந்தை கையில இருந்தபடியாத்தான் நிண்டது. சேர் சோக்கை வைச்சிட்டுக் கதிரையில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தார், ஒரு இருவது நிமிசம் அந்த ஐயாதான் வகுப்பு எடுத்தது. சாராயம் மலிஞ்ச பிறகு கள்ளுக்கு என்ன நடந்தது எண்டும் சொன்னார், அது பெரிய கதை.

இக்னாஸ் ஔவர் எண்ட கட்சிச் செயலாளர் பேர்ண்ஸ்டைனுக்கு எழுதின கடிதத்தைக் கேட்டுச் சிரிச்சனாங்கள். அதாவது தம்பி, நீ கேக்கிறதை ஆரும் தீர்மானமாப் போடுறதில்லை, வாயால சொல்லுறதும் இல்லை, பேசாமச் செய்துகொண்டு போறது எண்டு. 1903 டிறெஸ்டன் மகாநாட்டில திரிபுவாதத்தைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்ட அதே கட்சி நாளாந்தம் செய்துகொண்டிருந்தது அவர் சொன்ன வேலையைத்தான், தேர்தல், சங்கம், சட்டம். 1912இல 397 ஆசனத்தில 110 எடுத்தவை.

இனி நல்லா இல்லாத பக்கம். ரோசாவின்ர 1913 புத்தகம், மூலதனத் திரட்சி, அந்த வகுப்பு எனக்கு ஏறேல்லை. முதலாளித்துவம் தன்ர சாமானை விக்க எப்பவும் தனக்கு வெளியில இருக்கிற சனத்தைத் தேடிப் போகுது, இந்தியா, அல்ஜீரியா, எகிப்து எண்டு சொல்லுற பகுதி விளங்கிச்சுது, அதுக்கு முதல் வாற அட்டவணையள் சேருக்கே தடக்கிச்சுது எண்டு நினைக்கிறன், ரெண்டு தரம் அழிச்சு அழிச்சு எழுதினார். ஒட்டோ பவர் அதே வருசம் எழுதின மறுப்பை "அதை நீங்கள் வாசியுங்கோ" எண்டு ஒரு போட்டோகொப்பி தந்தார், அதில 14ஆம் பக்கம் இல்லை. ஆற்ற கொப்பியிலயும் இல்லை.

ஹில்பேர்டிங் வகுப்பு எனக்குத் தனிப்பட்ட முறையில கொஞ்சம் உறுத்தல், வங்கிக்காரன் தானே. அடிப்படையில பிள்ளையளுக்கு வைத்தியம் பாத்த டொக்டர், 1910இல நிதி மூலதனத்தைப் பற்றி எழுதினவர், வங்கியளின்ர காசு தொழிலுக்குள்ள இறங்கி ரெண்டும் ஒண்டாப் போச்சு, பேர்லினில இருக்கிற ஆறு பெரிய வங்கியளைக் கையில எடுத்தாக் காணும் பெருந்தொழிலின்ர முக்கியமான துறையள் கைக்கு வந்த மாதிரி எண்டு. இதை எழுதின ஆள் 1923இல, காசுக்கு மதிப்பே இல்லாமப் போன நேரம், ஜேர்மனியின்ர நிதி அமைச்சர். ஆறு வங்கியையும் எடுத்தவரோ எண்டா, இல்லை. ரெண்டு மாசம்கூட பதவியில இல்லை, "அவருக்கு எங்கட இந்தக் கோர்சளவு காலம்கூடக் கிடைக்கேல்லை" எண்டார் சேர். 1928இல திரும்ப வந்தவர், அதுவும் அடுத்த வருசம் முடிஞ்சுது. 1941இல பாரிசில ஹிட்லரின்ர ரகசியப் பொலிஸ் கெஸ்டாப்போவின்ர காவலில செத்தவர். 2022இல பெற்றோல் லைனில நிண்டுகொண்டு நிதி அமைச்சர்மாரைப் பேசின ஞாபகம் வந்தது, அப்பிடி ஒரு நேரத்தில என்னைப் பிடிச்சு அந்தக் கதிரையில இருத்தினா நான் என்ன செய்திருப்பன் எண்டு யோசிச்சன், லீவு போட்டிருப்பன்.

என்ர பெரிய முறைப்பாடு ஏழாவது கிழமை. வியன்னா. எனக்கு அறிய வேணுமெண்டு இருந்ததே அதுதான், இவ்வளவு சண்டை பிடிச்ச ஆக்கள் கையில ஒரு நகரத்தைக் குடுத்தா என்ன செய்வினம் எண்டு. ஆனா சேர் அண்டைக்கு லெனார்ட் வூல்பில தொடங்கிட்டார். 1905இல இருந்து 1907 மட்டும் எங்கட யாழ்ப்பாணக் கச்சேரியில வேலை செய்த வெள்ளைக்காரர், கோட்டை மதிலுக்கு மேல பங்களாவில இருந்தவர், பிறகு வேலையை விட்டிட்டு லண்டனில படிப்படியாச் சோசலிசத்துக்குப் போவம் எண்ட பேபியன் சங்கத்தோட சேர்ந்து, பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு ஏகாதிபத்திய விசயங்களில ஆலோசனைக் குழுச் செயலாளரா இருந்தவர். அதில இருந்து பேபியன்மார் மார்க்சின்ர பெறுமதிக் கணக்கையே எடுக்காம ஜெவன்ஸ் எண்ட பொருளியலாளரின்ர பக்கம் போனவை, பேபியன் சிட்னி வெப் 1918இல தொழிற்கட்சியின்ர யாப்புக்கு, உற்பத்திச் சாதனம் பொதுச்சொத்தாக வேணும் எண்ட நாலாம் பிரிவு எழுதிக் குடுத்தவர், எங்கட சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா லண்டனில லஸ்கி எண்ட சோசலிசப் பேராசிரியரிட்டப் படிச்சவர், அந்த என்.எம். நிதி அமைச்சரா இருந்த காலத்தில வெளிநாட்டு வெங்காயம் மிளகாய் வராம நிப்பாட்ட எங்கட தோட்டக்காரர் கல்வீடு கட்டினவை எண்டு போய்க்கொண்டே இருந்தது. கேக்க வடிவாத்தான் இருந்தது, நான் இல்லையெண்டு சொல்லேல்லை, அதுவும் மார்க்சியக்காரர் அமைச்சரா இருக்கச் சொந்தக் காணிக்காரன் பணக்காரன் ஆனதை பேர்ண்ஸ்டைன் கண்டிருந்தா அடுத்த பதிப்பில சேத்திருப்பார். ஆனா மணி ஆறேகாலாப் போச்சு, கரண்டும் போச்சு, மிச்சம் பதினைஞ்சு நிமிசத்தில ரோர்ச் வெளிச்சத்தில வியன்னா.

1919இல ஒஸ்ரியாவின்ர சமூக ஜனநாயகக் கட்சி வியன்னா நகரசபையைப் பிடிச்சது, 1923இல வீட்டு வரி, சின்ன வீட்டுக்குக் கொஞ்சம் பெரிய மாளிகைக்குக் கொள்ளை, அந்தக் காசில 1934க்குள்ள அறுபதாயிரத்துக்கு மேல வீடு. கார்ல் மார்க்ஸ் கோப் எண்ட ஒரு கட்டிடம் மட்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேல நீளம், கிட்டத்தட்ட 1,400 வீடு, உடுப்புத் தோய்க்கிற இடம், பாலர் பாடசாலை எல்லாம் உள்ளுக்க. 1934 பெப்ரவரியில அதுக்கே பீரங்கியால அடிச்சவை. இவ்வளவுதான் சொன்னவர். அந்த வரியை எப்பிடி அறவிட்டவை, கட்டாதவனை என்ன செய்தவை, வீடு ஆருக்குக் குடுக்கிறது எண்டு எப்பிடித் தெரிஞ்சவை, ஒண்டும் இல்லை. கேட்டா அடுத்த கிழமை எண்டார், அடுத்த கிழமை போர்.

போர் வகுப்பில ஒருத்தரும் சத்தம் இல்லை. 1914 ஓகஸ்ட் 3 ஜேர்மன் கட்சிக்குள்ள வாக்கெடுப்பு, போர்க் கடனுக்கு ஆதரவு 78, எதிர்ப்பு 14, அடுத்த நாள் பாராளுமன்றத்தில எதிர்த்த ஆக்களும் கட்சிக் கட்டுப்பாடு எண்டு கை தூக்கினவை. அதே கட்சியின்ர எம்.பி கார்ல் லீப்னெக்ட் தனி ஒராளா எதிர்த்தது டிசம்பர் 2. பேர்ண்ஸ்டைனும் முதல் கை தூக்கினவர்தான், ஆனா பிறகு பிழை எண்டு கண்டு மாறினவர். 1917 ஏப்ரலில போரை எதிர்த்தவை பிரிஞ்சுபோய்ச் சுயேச்சைச் சமூக ஜனநாயகக் கட்சி எண்டு ஒண்டு தொடங்கினவை, அதில ஆர் இருக்கினம் எண்டு பாத்தா பேர்ண்ஸ்டைன், அவரைக் கண்டிச்சு எழுதின கவுட்ஸ்கி, ரோசாவின்ர ஸ்பாட்டகஸ் குழு, எல்லாம் ஒரே கட்சிக்குள்ள. ரோசாவையும் லீப்னெக்டையும் 1919 ஜனவரி 15 கொலை செய்தவை. பேர்ண்ஸ்டைன் 1932 டிசம்பர் மட்டும் இருந்தவர், ஹிட்லர் வர இன்னும் ஆறு கிழமை.

இதை அண்டிரவே போய்ப் பெரியப்பாட்டச் சொன்னன். உங்கட திரிபுவாதியும் ரோசாவும் ஒரே கட்சியில இருந்தவை பெரியப்பா, தெரியுமோ எண்டு கேக்க, மனுசன் கொஞ்சநேரம் முகட்டைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, "அது போருக்காகச் சேர்ந்தது மோனே, பொருளாதாரத்தில அவன் கடைசிமட்டும் திரிபுவாதிதான்" எண்டார். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை, ஏனெண்டா அது சரி. பேர்ண்ஸ்டைன் போட்டோகொப்பியை வாங்கி வைச்சுக் கண்ணாடிக்கு மேல உருப்பெருக்கியும் பிடிச்சு நாலு நாள் வாசிச்சவர், ஓரத்தில சிவப்புப் பேனையால பன்ரண்டு இடத்தில "பிழை" எண்டு எழுதிக் கிடக்குது, ஒரு இடத்தில மட்டும் கேள்விக்குறி. எந்த இடம் எண்டு பாத்தா அந்த 12,300.

அடுத்த பச் தைப்பொங்கலுக்குப் பிறகு எண்டு சேர் சொன்னவர். போறவை அஞ்சு நிமிசம் முந்திப் போனா பானுக்குக் கீழ இருக்கிற ரெண்டு கதிரையில ஒண்டு கிடைக்கும், நுளம்புத்திரி ஆளுக்கொண்டு கொண்டு போங்கோ, இடைவேளையில கீழ கடையில பிளேன்ரீ, உளுந்து வடை நல்லம், ரோல்ஸ் வேண்டாம். அஞ்சில நாலு குடுக்கிறன், ஒண்டு வியன்னாவுக்குக் கழிச்சது. ஆரும் சேரைக் கண்டா அந்த 14ஆம் பக்கத்தைக் கேளுங்கோ.